ஓர் அடி தூரமும் ஓர் அடிதான்!
(கோல்ப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌரசியா பற்றி ஒரு விளக்கக் கட்டுரை)



இந்த மாத விளையாட்டுப் பகுதியை என்னிடம் கொடுத்தபோது ஆசிரியர் குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. "கிரிக்கெட் மட்டும் வேண்டாம்ப்பா, போன மூணு இதழும் அதுதான்!" சரி என்று நான் கோல்ப் விளையாட்டை எடுத்துக்கொண்டேன். உடனே வகுப்பில் ஒரே சிரிப்பு. "கோல்பா? அது பணக்காரங்க ஆட்டமாச்சே! நம்ம ஊர்ல யாருடா ஆடுறா?" என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கோல்ப் மைதானத்தில் புல்லைப் பராமரித்த தொழிலாளி ஒருவரின் மகனைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சிவ் சங்கர் பிரசாத் சௌரசியா. சுருக்கமாக எஸ்.எஸ்.பி. சௌரசியா. சொந்த ஊர் கொல்கத்தா. பிறந்த ஆண்டு 1978.

பயிற்சியாளர் இல்லை, வீட்டில் பணம் இல்லை, ஆளும் உயரமில்லை, பந்தையும் ரொம்ப தூரம் அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இந்தியாவின் மிகப் பெரிய கோல்ப் கோப்பையை இரண்டு முறை வாங்கினார். எப்படி? 'அதிர்ஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் விடை அந்த ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது. முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம்.

ஆட்டம் என்ன?

ஒரு பெரிய புல்வெளி. அதில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கே பந்தை வைத்து மட்டையால் அடிக்கத் தொடங்கி, கடைசியில் குழிக்குள் விழ வைக்க வேண்டும். எத்தனை அடி அடித்தோமோ அதுதான் கணக்கு. குறைவான அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். கிரிக்கெட்டில் எண் கூடினால் சந்தோஷம், இங்கே எண் குறைந்தால் சந்தோஷம்!

18 குழிகளின் நீளத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வரும். நம்ம கடற்கரைச் சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாலைந்து தரம் நடந்தால் எவ்வளவோ, அவ்வளவு. பந்தின் எடை 46 கிராமுக்கு மேல் போகக்கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஒரு கொட்டாங்கச்சியின் வாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டைகள் அதிகபட்சம் 14. இந்த மட்டைப் பையைச் சுமந்துகொண்டு ஆட்டக்காரருடன் நடப்பவருக்குக் 'கேடி' என்று பெயர்.

ஒவ்வொரு குழிக்கும் "திறமையான ஆட்டக்காரர் இத்தனை அடியில் முடிக்கலாம்" என்று ஓர் எண் குறித்திருப்பார்கள். அதற்கு 'பார்' என்று பெயர். அது 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். பாரை விட ஓர் அடி குறைத்து முடித்தால் 'பேர்டி', ஓர் அடி கூடினால் 'போகி'. பெரும்பாலான மைதானங்களில் 18 குழிகளுக்கும் சேர்த்து மொத்தப் பார் 72.

இந்த 72-ல்தான் ரகசியம் இருக்கிறது. குழியைச் சுற்றி, ஒட்ட வெட்டிய வழவழப்பான புல்தரை இருக்கும். அதைக் 'கிரீன்' என்பார்கள். அந்தத் தரையில் பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் விடுவதற்குப் 'பட்டிங்' என்று பெயர். பார் எண்ணைக் குறிக்கும்போதே ஒரு குழிக்கு இரண்டு பட்டிங் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்படியென்றால் 18 x 2 = 36. அதாவது 72 அடிகளில் சரிபாதி தரையில் உருட்டும் அடிகள்!

டிவியில் காட்டுவது என்னவோ 250 மீட்டர் பறக்கும் அடியைத்தான். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் 250 மீட்டர் அடியும் ஓர் அடி, குழிக்குப் பக்கத்தில் ஓர் அடி தூரத்திலிருந்து உருட்டுவதும் ஓர் அடி. இரண்டுக்கும் ஒரே விலை.

பெத்தாங் தெரிந்தவருக்கு இது புரியும்

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. நம்ம ஊரில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஆட்டங்களில் ஒன்று பெத்தாங். சாயங்காலத்தில் பெரியவர்கள் வட்டம் போட்டு நின்று, இரும்புக் குண்டை வீசி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 6 முதல் 10 மீட்டர் தள்ளி ஒரு சின்ன மரக்குண்டு கிடக்கும். யாருடைய இரும்புக் குண்டு அதற்குக் கிட்டே போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி.

எங்கள் தெருத் தாத்தா ஒருவர் நன்றாக ஆடுவார். அவருக்குக் கை பலம் ஒன்றும் கிடையாது. குண்டு எங்கே விழும், விழுந்த பிறகு மண்ணில் எவ்வளவு உருளும், சரிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துத்தான் விடுவார். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிய அண்ணன்களெல்லாம் அவரிடம் தோற்றுப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கோல்ப் ஆட்டத்தின் கடைசி 30 மீட்டரும் இதே கதைதான். கிரீனுக்கு வெளியே கிடக்கும் பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போட்டு, மீதி தூரத்தை உருள விடும் அடிக்குச் 'சிப்' என்று பெயர். சிப் அடியும் பட்டிங்கும் கைவந்தவருக்கு, தூரம் அடிக்க முடியாத குறையை ஈடுகட்ட வழி இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பார் 4 குழி ஒன்று. பலசாலி இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிடுகிறார், பிறகு இரண்டு பட்டிங். மொத்தம் 4. பலம் குறைந்தவர் இரண்டு அடி அடித்தும் 30 மீட்டர் பின்னால் நிற்கிறார். மூன்றாவது அடியாக ஒரு சிப். பந்து குழிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது, ஒரே பட்டிங். மொத்தம் 4. சமம்!

சௌரசியாவின் சக ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் "சிப்-பட்-சியா". இப்போது அந்தப் பெயரின் அர்த்தம் உங்களுக்கே விளங்கும்.

புல்வெளியே பள்ளிக்கூடம்

கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழமையான கோல்ப் கிளப் அதுதான். அங்கே கிரீன்களைப் பராமரிக்கும் ஊழியராக இருந்தார் சௌரசியாவின் அப்பா. பையன் வளர்ந்ததும் அந்தப் புல்வெளியை ஒட்டித்தான். பெரிய மனிதர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டான். கேடியாகவும் வேலை செய்தான்.

கேடி வேலை வெறும் சுமைதூக்கல்தானே என்று நினைக்கலாம். நல்ல கேடி ஒவ்வொரு கிரீனின் மேடு பள்ளத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார். "இந்தப் பக்கம் சரிவு இருக்கு, கொஞ்சம் இடது பக்கமாகவே விடுங்க" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். காலையில் புல் ஈரமாக இருக்கும்போது பந்து எப்படி ஓடும், வெயிலில் காய்ந்த பிறகு எப்படி ஓடும் என்பதும் அவருக்குத் தெரியும். பணம் கட்டிச் சேரும் பிள்ளைக்குப் பயிற்சியாளர் கையையும் காலையும் வைக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பார். புல்லின் குணம் அங்கேயே கிடப்பவனுக்குத்தான் தெரியும்.

1997-ல் சௌரசியா தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அப்போது அவருக்கு 19 வயது.

தொழில்முறை என்றால் மாதச் சம்பளமா?

இல்லவே இல்லை! பலரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிரிக்கெட் வீரருக்கு வாரியம் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தரும். கோல்ப் வீரருக்கு அப்படி யாரும் கிடையாது. பயணச் செலவு, தங்கும் செலவு, கேடிக்குக் கூலி எல்லாம் தன் கையிலிருந்துதான். போட்டியில் பரிசு கிடைத்தால்தான் வருமானம்.

பெரிய போட்டி நான்கு நாள் நடக்கும். நாளுக்கு 18 குழி வீதம் மொத்தம் 72 குழிகள். ஏறக்குறைய 150 பேர் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். முதல் 65 அல்லது 70 இடங்களுக்குள் இருப்பவர்கள் மட்டும் மேலே ஆடலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வாரம் அவர்களுக்குப் பைசா கிடையாது, செலவு மட்டும்தான் மிச்சம். இந்தக் கோட்டுக்குக் 'கட்' என்று பெயர்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பத்து வாரம் தோற்றாலும் பதினோராவது வாரம் விமானம் ஏறலாம். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது முடியுமா? தொழில்முறை கோல்பில் நிஜமான கஷ்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சின்னப் பட்டிங் தவறினால் அந்த மாதக் குடும்பச் செலவே தவறிப்போகலாம். கை நடுங்காமல் எப்படி இருக்கும்!

2008: கதவு திறந்தது

2008 பிப்ரவரியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டி டெல்லி கோல்ப் கிளப்பில் நடந்தது. ஐரோப்பிய டூர் நடத்தும் போட்டி ஒன்று இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் முறை. மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். பல நாட்டுப் பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். சௌரசியாவை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் டெல்லி மைதானம் ஒரு மாதிரியானது. பந்து போகும் பாதை குறுகல், இரண்டு பக்கமும் புதரும் மரமும். கண்ணை மூடிக்கொண்டு தூரம் அடித்தால் பந்து புதருக்குள் போய்விடும், பிறகு தேட வேண்டியதுதான். அளவோடு நேராக அடித்து, கடைசியில் சிப்பும் பட்டிங்கும் சரியாகச் செய்பவருக்கு ஏற்ற இடம் அது. சௌரசியா இரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். முதல் பரிசு மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது நாலு லட்சம் டாலருக்கு மேல். கிளப் ஊழியரின் மகனுக்கு நாலே நாளில் அவ்வளவு!

2011-ல் அவந்தா மாஸ்டர்ஸ் கோப்பையையும் அவர் வாங்கினார்.

நாலு தடவை இரண்டாமிடம்

ஆனால் ஒரு கோப்பை மட்டும் கைக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தது. அதுதான் இந்தியன் ஓப்பன், 1964 முதல் நடக்கும் நம் நாட்டின் தலையாய போட்டி. அதில் சௌரசியா 1999-ல் இரண்டாமிடம். 2006-ல் இரண்டாமிடம். 2013-லும் இரண்டாமிடம்.

2015-ல் நடந்ததுதான் மனசுக்குக் கஷ்டமானது. கடைசி நாள் தொடங்கும்போது சௌரசியா முன்னிலையில் இருந்தார். அனிர்பன் லாஹிரி அவரை விட ஏழு அடி பின்னால். ஏழு அடி என்பது சாதாரண இடைவெளி இல்லை. இருந்தும் அன்றைய ஆட்டத்தில் லாஹிரி அதை எட்டிப் பிடித்துவிட்டார். இருவரும் சமம். சமமானால் மறுபடி ஒரு குழி ஆட வைப்பார்கள், அதில் முந்துபவருக்குக் கோப்பை. லாஹிரி முந்தினார். சௌரசியாவுக்கு நான்காவது முறையாக இரண்டாமிடம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1999-லிருந்து 2015 வரை பதினாறு ஆண்டுகள். நம்மில் பலருக்கு மொத்த வயதே அவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே "எனக்கு இது வராது" என்று புத்தகத்தை மூடி வைக்கிறோம்.

2016 மார்ச் மாதம், அதே டெல்லி மைதானத்தில் அவர் திரும்ப வந்தார். 72 குழிகளை 273 அடிகளில் முடித்தார். இந்த முறை இரண்டு அடி பின்னால் நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே அனிர்பன் லாஹிரி!

2017-ல் போட்டி குருகிராமில் உள்ள டி.எல்.எப். மைதானத்துக்கு மாறியது. அது நீளமான, கடினமான மைதானம். கிரீன்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே சௌரசியா ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏழு அடி முன்னிலையை இழந்தவர், இரண்டே ஆண்டில் ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார். இந்தியன் ஓப்பனை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றவர்கள் அதுவரை இரண்டே பேர். ஜப்பானின் கென்ஜி ஹோசோயிஷியும் நம் நாட்டு ஜோதி ரந்தாவாவும். மூன்றாவது ஆள் சௌரசியா.

2016-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மணிலா மாஸ்டர்ஸ் போட்டியையும் அவர் வென்றார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 112 ஆண்டுகளுக்குப் பிறகு கோல்ப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய ஆண்டு அது. 2017-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

உங்களுக்குத் தெரியுமா?

* இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் பி.ஜி. சேத்தி, 1965-ல். பரிசுப் பணம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரர்.
* பிலிப்பைன்ஸ் வீரர் பென் ஆர்டா 1969-ல் இந்தியன் ஓப்பனை வென்றிருக்கிறார்.
* இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் முதலில் வென்றவர் அலி ஷேர், 1991-லும் 1993-லும். அவர் டெல்லி கோல்ப் கிளப்பில் கேடியாக இருந்தவர்.
* 2009-ல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் முன்னாள் கேடி.
* 2013-ல் வென்ற வங்கதேச வீரர் சித்திக்குர் ரஹ்மானும் சிறு வயதில் கோல்ப் மைதானத்தில் வேலை பார்த்தவர்.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். சௌரசியா தனி ஆள் இல்லை. மைதானத்தில் கூலிக்கு நடந்த பிள்ளைகள் பலர் கோப்பை தூக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணமும் சொல்லியே ஆகவேண்டும். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக். கேடி வீட்டுப் பிள்ளை இல்லைதான். ஆனால் இவரும் தூரம் அடிப்பவர் கிடையாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மற்றப் பெண்கள் பலர் இவரை விட வெகுதூரம் அடித்தார்கள். இவர் பட்டிங்கை மட்டும் நம்பி நான்காமிடம் வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரே ஓர் அடியில் போய்விட்டது. அந்த ஓர் அடி பெரிய அடியாகவும் இருந்திருக்கலாம், சின்ன அடியாகவும் இருந்திருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

எனக்குத் தோன்றுவது

இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதினேன் என்றால், என் சித்தப்பா ஒரு கிளப்பில் டென்னிஸ் மைதானத்தைப் பராமரிக்கிறார். மண்ணை நிரவுவது, தண்ணீர் தெளிப்பது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. அவர் பையன் எட்டாவது படிக்கிறான். லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவான். வெளியே விழும் பந்தை எடுத்துக் கொடுப்பான். உள்ளே இறங்கி ஆட அவனுக்கு அனுமதி இல்லை. வீட்டுப் பின்சுவரில் பந்தை அடித்துப் பழகுகிறான். சித்தி, "சுவத்துல சுண்ணாம்பெல்லாம் உதிருதுடா!" என்று திட்டிக்கொண்டே இருப்பார்.

அவன் பெரிய வீரன் ஆவான் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்குத் தெரியும்? நான் சொல்ல வருவது வேறு. சில கோல்ப் கிளப்புகளில் வாரத்தில் ஒரு நாள் கேடிகள் ஆடலாம் என்று விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. அதனால் கிளப்புக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் கிடையாது. புல்வெளி அப்படியேதான் இருக்கும். ஆனால் புல்லைத் தொட விட்டதால்தான் ஓர் அலி ஷேரும் ஒரு சௌரசியாவும் கிடைத்தார்கள். திறமையை யாரும் கொடுத்துவிட முடியாது, இடத்தைக் கொடுக்கலாம். ஒரு நாள், ஒரு மணி நேரம், யாரும் ஆடாத மத்தியான வெயிலில் கொடுத்தாலும் போதும்.

சௌரசியாவின் வாழ்க்கையிலும் எல்லாம் தானாக நடக்கவில்லை. அப்பாவின் வேலை அவரைப் புல்வெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. மீதியை அவர் பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கத்துக்கே போக முடியாத எத்தனை சிப்-பட்-சியாக்கள் நம் தெருக்களில் இருக்கிறார்களோ!

செய்து பாருங்கள்!

நம் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒரு கொட்டாங்கச்சியை அதன் வாய் தரைமட்டமாக இருக்கும்படி புதையுங்கள். ஒரு ரப்பர் பந்து, ஒரு பழைய ஹாக்கி மட்டை. இரண்டு தப்படி தூரத்திலிருந்து பத்து முறை உருட்டிப் பாருங்கள், எத்தனை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து தப்படி தள்ளிப் போய் மறுபடி பத்து முறை. வாரம் ஒரு முறை செய்து எண்ணைக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அந்த எண்கள் கூடியிருந்தால் உங்கள் பெயரையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி இந்தப் பலகையின் கீழே செருகி வையுங்கள். அடுத்த இதழில் முதல் மூன்று பேரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். பலம் தேவையில்லை, ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம்.

(கொட்டாங்கச்சியைத் தோண்டி எடுத்த பிறகு குழியை மூடிவிடுங்கள். மாலையில் அங்கே கோ-கோ ஆடுவார்கள், யாராவது காலை மடக்கிக்கொள்ளப் போகிறார்கள்!)



– விளையாட்டுப் பகுதிக்காக, 11-ஆம் வகுப்பு மாணவன்